முனையைப் பார்த்து அயன் வாங்குங்கள்: சோல்டரிங் அயன் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா மகன் செந்தூலில் என் வீட்டுக்கு வந்தான். கையில் 5 மீட்டர் எல்இடி பட்டை. பத்துமலைக்கு அவன் நண்பன் தூக்கப்போகும் காவடிக்காம்.

"மாமா, இந்த ஈயம் ஒட்டவே மாட்டேங்குது."

பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 15 வெள்ளிக்கு வாங்கிய 30 வாட் சோல்டரிங் அயன் (ஈயத்தை, அதாவது சோல்டரை, உருக்கி ஒட்டும் கருவி). மெல்லிய வயர்களை எல்லாம் அது பிடித்துவிட்டது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரிடம்தான் தோற்றுப்போனது. பையன் அயனை வைத்து அழுத்திக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்திருக்கிறான். வயரின் உறை உருகிச் சுருங்கிவிட்டது. பட்டையிலிருந்த செம்புப் பேட், அதாவது வயரை ஒட்டும் சின்னத் தகடு, பெயர்ந்து அயனோடு வந்துவிட்டது. ஈயம் மட்டும் வேகாத மாவு மாதிரி குழைந்து நின்றது.

"இன்னும் சூடான அயன் வாங்கணுமா?" என்றான். எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவன் அயன் சும்மா நிற்கும்போது எப்படியும் 350 டிகிரிக்கு மேல் போயிருக்கும். ஈயம் உருக அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். சூடு போதாமல் இல்லை; இருந்த சூடு வயருக்குப் போய்ச் சேரவில்லை.

கடையில் நாம் பெட்டியைப் பார்த்து வாங்குகிறோம். எத்தனை வாட், எத்தனை டிகிரி வரை போகும், திரையில் எண் தெரியுமா, என்ன விலை. நான் சொல்லும் வரிசை நேர் எதிர். முதலில் முனை, பிறகு முனைக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர், அப்புறம் பிளக், கடைசியில்தான் பெட்டி. வேலையைத் தொடுவது முனை. தேய்வதும் முனை. மறுபடி மறுபடி காசு கொடுத்து வாங்கப்போவதும் அதைத்தான்.

1. என்ன ஒட்டப்போகிறீர்கள்?

ஒரு தாளில் அடுத்த ஆறு மாதத்து வேலையை எழுதிப் பாருங்கள். ஆர்டுவினோ மாதிரிப் பழகும் போர்டில் உலோகப் பின் (pin) வரிசையை ஒட்டுவது, சென்சார் கிட், பழைய ரேடியோ என்றால் அது ஒரு வகை. ஸ்பீக்கர் வயர், பேட்டரி வயர், கோயில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கச் சாக்கெட் எல்லாம் இன்னொரு வகை. இங்கே உலோகம் நிறைய இருக்கும், சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். போன் போர்டு, அரிசிமணியைவிடச் சின்ன ரெசிஸ்டர் என்றால் மூன்றாவது வகை. பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டும் கலந்துதான் வரும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

வருடத்துக்கு ஒரு முறை ஹெட்ஃபோன் வயர் ஒட்டுவது மட்டும்தான் வேலை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. கைப்பிடியிலேயே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் 60 வாட் அயன் ஒன்று போதும்.

2. வாட் வேறு, சூடு வேறு

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகட்டில் முதல் தோசை நன்றாக வரும். மாவை ஊற்றியதும் தகடு குளிர்ந்துவிடுவதால் இரண்டாவது தோசை ஒட்டிக்கொள்ளும். தடித்த இரும்புக் கல் என்றால் மாவு ஊற்றினாலும் அசராது. கீழே எரியும் அடுப்பு பெரிதாக இருந்தால் இழந்த சூட்டை உடனே நிரப்பிவிடும். கல் நன்றாகக் காய்ந்ததும் அடுப்பைக் குறைக்க அம்மாவின் கை அங்கே இருக்கும்.

அயனில் முனையின் பருமன்தான் கல். வாட் என்பது அடுப்பு. சூட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் அம்மாவின் கை. பிளக்கில் நேராகச் சொருகும் 30 வாட் அயனில் அந்தக் கை கிடையாது. சும்மா நிற்கும்போது தேவைக்கு மேல் காயும், வேலையில் வைத்ததும் சரிந்துவிடும். கட்டுப்பாடு உள்ள 60, 70 வாட் அயன் நிற்கும்போது கொஞ்சம்தான் மின்சாரம் எடுக்கும். முனை தடித்த வயரைத் தொட்டதும் முழு வாட்டையும் இறக்கும். அதனால்தான் 70 வாட் அயன் 30 வாட் அயனைவிட உங்கள் போர்டுக்குப் பாதுகாப்பானது. கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் பேட் பெயர்வது பெரும்பாலும் நீண்ட நேரம் அழுத்திக்கொண்டே இருப்பதால்.

எவ்வளவு டிகிரி வேண்டும்? 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சோல்டர் 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத வகையில் அதிகம் கிடைக்கும் எஸ்ஏசி305 சுமார் 217 டிகிரியில் உருகத் தொடங்கும். வெள்ளீயமும் செம்பும் மட்டும் கலந்தது 227. முதல் வகைக்கு முனையை 320 முதல் 350 வரை வைத்துக்கொள்ளலாம். காரீயமில்லாததற்கு 350 முதல் 380. "480 டிகிரி வரை" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள். அந்தச் சூட்டில் வைத்தால் முனை கறுத்துச் சீக்கிரம் செத்துவிடும்.

3. முனைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

நேராகப் பிளக்கில் சொருகுவதைப் பார்த்துவிட்டோம். பள்ளியில் கெமாஹிரான் ஹிடூப் (வாழ்க்கைத் திறன்) வகுப்பில் நம்மில் பலர் முதன்முதலில் பிடித்தது அதைத்தான். மேசையில் சூடு வைத்த தழும்புகளும் அந்த வகுப்பறையின் மணமும் இன்னும் நினைவிருக்கும். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது 936 வகை ஸ்டேஷன், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் அதோடு வயரில் இணைந்த அயனும். ஜப்பானின் ஹாக்கோ நிறுவனம் செய்த 936 என்ற மாடல் உலகம் முழுக்கப் பரவி, அதைப் பார்த்துச் செய்த நகல்கள் இன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. ஹாக்கோவே பிற்பாடு எஃப்எக்ஸ்-888டி என்று 70 வாட்டில் ஸ்டேஷன் கொண்டுவந்தது. இந்த வகையில் பீங்கான் ஹீட்டர் குச்சி ஒன்று இருக்கும், அதன் மேல் முனையைத் தொப்பி மாதிரி மாட்டுவீர்கள். சென்சார் ஹீட்டரின் உள்ளே. தொப்பிக்கும் குச்சிக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் முனை குளிர்ந்த செய்தி சென்சாருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். அடுப்புக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு கல்லின் சூட்டை ஊகிப்பது போல. ஆனாலும் நல்ல தயாரிப்பாக இருந்தால் பல வருடம் உழைக்கும். முனை மலிவு, எங்கும் கிடைக்கும்.

மூன்றாவது, ஹீட்டர், சென்சார், முனை மூன்றும் ஒரே குச்சியாக வரும் வகை. ஹாக்கோவின் டி12, ஜேபிசியின் சி245, கையடக்கமான பைன்சில் எல்லாம் இந்தக் கூட்டம். சென்சார் முனைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தொட்ட கணமே தெரிந்துகொள்ளும். சுவிட்சைப் போட்டுச் சில நொடியில் வேலைக்குத் தயார். பிடிக்கும் இடத்துக்கும் நுனிக்கும் தூரம் குறைவு. எழுதுகோல் மாதிரி கட்டுப்பாடு கிடைக்கும். முனை கெட்டால் ஹீட்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பதால் ஒவ்வொரு முனையும் விலை கூட. இன்றைக்கு முதல் அயன் வாங்குபவருக்கு என் தேர்வு இந்த மூன்றாவது வகைதான். டி12 நகல் ஸ்டேஷனாக இருந்தாலும் சரி, பைன்சிலாக இருந்தாலும் சரி.

பைன்சில் பற்றி ஓர் எச்சரிக்கை. அதை யூஎஸ்பி-சி சார்ஜரில் ஓட்டலாம் என்றதும் போன் சார்ஜரைச் சொருகிவிட்டு "வேலை செய்யலையே" என்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். அந்த வகைச் சாதாரண முனையின் மின்தடை சுமார் 8 ஓம். 9 வோல்ட் தரும் போன் சார்ஜரில் 10 வாட் சொச்சம்தான் வரும். 12 வோல்ட்டில் 18 வாட். 20 வோல்ட் தரும் லேப்டாப் சார்ஜரில் 50 வாட். அதே அயன், அதே முனை. ஆகவே வீட்டில் 65 வாட் சார்ஜர் இருந்தால் பைன்சில் லாபம். இல்லாவிட்டால் சார்ஜர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. முனை

பெரும்பாலான அயன்களோடு ஊசி முனை ஒன்றை மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சின்ன வேலைக்குச் சின்ன முனை என்று பார்த்ததும் நமக்கும் தோன்றும். அந்த நுனி வேலையைத் தொடும் பரப்போ குண்டூசித் தலைகூடக் கிடையாது. சூடு எந்த வழியாகப் போகும்?

என் அத்தை 80களில் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1972-ல் அங்கே தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கிய பிறகு நம் பெண்கள் எத்தனையோ பேர் அந்த வரிசைகளில் உட்கார்ந்து கண் வலிக்க வலிக்க ஒட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் நான் ஊசி முனையோடு தடுமாறுவதைப் பார்த்து அவர் சொன்னது: "ஒட்டுற பாகத்தோட கால் எவ்வளவு அகலமோ, முனையும் அவ்வளவு அகலம் இருக்கணும். சூட்டைக் காலுக்குக் குடு, ஈயத்துக்குக் குடுக்காதே." அன்றிலிருந்து நான் ஊசி முனையை டப்பாவிலிருந்து எடுப்பதே இல்லை.

வாங்க வேண்டியது உளி முனை. தட்டை ஸ்குரூடிரைவர் மாதிரி இருக்கும். அதன் பெயரில் ஆங்கில D எழுத்து இருக்கும் (டி12-இல் வருவது T, அது வேறு). 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள உளி முனை ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். அகலப் பக்கத்தை வைத்தால் தடித்த வயர், ஓரத்தைத் திருப்பினால் சின்னப் பின். இரண்டாவதாக, சாய்வாக வெட்டிய உருளை போன்ற சி வகை. ஐசி எனும் சில்லின் கால் வரிசையில் ஈயத்தை இழுத்துக்கொண்டு போக அருமையானது. கத்தி வடிவ கே முனை சிலருக்கு உயிர். தடித்த வயருக்கு உதவும், எனக்கு என்னவோ கைக்கு வரவில்லை.

முனையின் உள்ளே செம்பு. அதன் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு. நுனியில் மட்டும் ஈயம் பிடிக்கும், மேற்பக்கம் பிடிக்காதபடி குரோம் போட்டிருக்கும். அந்த இரும்புப் பூச்சு போய்விட்டால் உருகிய ஈயம் செம்பைத் தின்று குழி பறித்துவிடும். அதனால் அரம், உப்புத்தாள் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். மலிவு 936 முனைகளில் செம்புக்குப் பதில் வேறு உலோகத்தை உள்ளே வைத்து மேலே மினுக்கி விற்பதும் உண்டு. முனை பளபளவென்று இருந்தும் வேலையில் மந்தமாக இருந்தால் ஸ்டேஷனைத் திட்டாமல் முதலில் முனையை மாற்றிப் பாருங்கள்.

5. பிளக், எர்த்

இதை யாரும் கவனிப்பதில்லை. மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230, 240 வோல்ட். சுவரில் மூன்று முள் சாக்கெட். இணையத்தில் வாங்கும் அயன் பெரும்பாலும் இரண்டு முள் பிளக்கோடு வந்து இறங்கும். சிலசமயம் 110 வோல்ட்டுக்குச் செய்ததும் வந்துவிடும். பெட்டியைப் பிரித்ததும் வோல்ட் எண்ணைப் படித்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு முள் பிளக்கைச் சொருக, சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ விட்டு உள்மூடியைத் திறப்பது. நானும் செய்தவன்தான். முதலில் அது ஆபத்து. அதோடு அந்த மேல் துளைதான் எர்த்; அயனுக்கு எர்த் கிடைக்காமல் போய்விடுகிறது. எர்த் இல்லாத ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையில் ஓடும் அயனின் முனையில், தொட்டால் உறைக்காத அளவு மின்கசிவு இருந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) மாதிரி மெல்லிய மனசுள்ள பாகங்களைக் கொல்ல அது போதும்.

லேப்டாப் சார்ஜரிலும் ஏமாறுவோம். மூன்று முள் இருக்கிறதே என்று நினைப்பீர்கள், எடுத்துப் பார்த்தால் மேல் முள் வெறும் பிளாஸ்டிக். மூடியைத் திறப்பதற்கு மட்டுமே அது இருக்கிறது, எர்த் கிடையாது. அப்படிப்பட்ட சார்ஜரில் கையடக்க அயனை ஓட்டினால், ஒட்டப்போகும் போர்டை வேறு எதிலும் இணைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது எளிது. பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு கம்பியைப் பிளக்கின் எர்த் முள்ளிலும் மற்றதை அயன் முனையின் ஈயம் பூசிய இடத்திலும் வையுங்கள். 2 ஓமுக்குள் காட்டினால் நிம்மதி. மீட்டர் அசையவே இல்லை என்றால் எர்த் இல்லை. பிளக்கையோ அடாப்டரையோ தனியாக வாங்கினால் சிரிம் (SIRIM) தரமுத்திரை இருக்கிறதா பாருங்கள். 70 வாட் அயன் அரை ஆம்பியர்கூட எடுக்காது, ஆகவே பிளக்கின் உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதிலாக 3 ஆம்பியர் போட்டுக்கொள்வது நல்லது.

6. கடையில்

கோலாலம்பூரில் என்றால் புடு பக்கம் ஜாலான் பாசார். பழைய ஆட்களுக்குப் பாசார் ரோடு. எலக்ட்ரானிக்ஸ் பாகங்களுக்கு அந்தச் சாலையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லோ யாட் பிளாசாவில் கணினியும் போனும் ஏராளம், ஆனால் சோல்டரிங் சாமானுக்கு நான் அங்கே போவதில்லை. பினாங்குக்காரர்களுக்குப் பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட்டில் சைட்ரோன் என்ற எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இருக்கிறது. ரோபோ செய்யும் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர், இணையத்திலும் வாங்கலாம்.

நான் சனிக்கிழமை காலையில் போவேன். கூட்டம் சேர்வதற்கு முன் தவுக்கேவிடம், அதாவது கடைக்காரரிடம், பேச முடியும். அயனைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: "அங்கிள், இதுக்கு ஸ்பேர் முனை இருக்கா? 2.4 உளி எடுத்துக் காட்டுங்க." காட்டினால் அயனைப் பற்றிப் பேசலாம். "அது ஆர்டர் போடணும்" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். ஒரு காலத்தில் முனையே கிடைக்காத ஓர் அழகான அயனை ஆசைப்பட்டு வாங்கினேன். எட்டாவது மாதம் முனை குழி விழுந்தது. இன்னும் அலமாரியில் அழகாக இருக்கிறது.

பிறகு கைப்பிடி வயரை வளைத்துப் பாருங்கள். சிலிக்கோன் வயர் துணி மாதிரித் தொங்கும், அயன் தப்பித் தவறி மேலே பட்டாலும் உருகாது. சாதாரண பிளாஸ்டிக் வயர் விறைத்துக்கொண்டு கையை இழுக்கும். ஒரு மணி நேரம் வேலை செய்தால் மணிக்கட்டு சொல்லும். ஸ்டாண்டைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும். வளைந்த தகரத் துண்டு ஒன்றை ஸ்டாண்ட் என்று கொடுத்தால், நல்ல ஸ்டாண்டுக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். ஹாக்கோ மாதிரியே நீலமும் மஞ்சளுமாக ஒன்று பாதிக்கும் குறைந்த விலைக்கு இணையத்தில் தெரிந்தால் அது நகல் என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். நகல் வாங்குவதில் தப்பில்லை, அசல் விலை கொடுத்து நகல் வாங்குவதுதான் தப்பு.

7. வீட்டில் முதல் பத்து நிமிடம்

பிளக்கைச் சொருகும் முன் சோல்டர் வயரை கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முனை முதன்முதலாகச் சூடாகும்போது, ஈயம் உருகும் சூடு வந்ததுமே நுனி முழுக்கப் பூசிவிட வேண்டும். 350 டிகிரியில் வெறும் முனையைக் காய விட்டுவிட்டுத் தேநீர் கலக்கப் போனால், திரும்பி வரும்போது அது கறுத்திருக்கும், ஈயம் உருண்டு ஓடும்.

பிறகு சோதனை. இரண்டு ஸ்பீக்கர் வயர் நுனிகளை முறுக்கி, உளியின் அகலப் பக்கத்தை ஒரு புறம் வைத்து, சோல்டரை மறுபுறம் தொடுங்கள், முனையில் தொடாதீர்கள். மூன்று நான்கு நொடிக்குள் ஈயம் இழைகளுக்குள் தண்ணீர் மாதிரி ஊறிப் போக வேண்டும். உடனே இரண்டாவது, மூன்றாவது இணைப்பையும் செய்யுங்கள். மூன்றாவதும் முதலாவதைப் போலவே வேகமாக வந்தால் நல்ல அயன். ஒவ்வொன்றுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனால், திரையில் 350 என்றே காட்டிக்கொண்டிருந்தாலும், முனையில் அந்தச் சூடு இல்லை. ரசீது கையில் இருக்கும்போதே இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

வேலை செய்யும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். நம் வெயிலுக்குக் கொடுமைதான், ஆனால் மேலிருந்து வரும் காற்று முனையையும் இணைப்பையும் குளிரவைக்கும். புகை நேராக முகத்துக்கு வரும் என்பதால் ஒரு சின்ன மேசை ஃபேனை முதுகு உங்கள் பக்கம் இருக்க, புகையை ஜன்னல் பக்கம் இழுக்கும்படி வையுங்கள். அந்தப் புகை பெரும்பாலும் ரோசின், அதாவது குங்கிலியம் மாதிரி ஒரு பிசினிலிருந்து வருவது. மணமாக இருக்கிறதென்று இழுக்காதீர்கள், ஆஸ்துமா வரவைக்கும் சங்கதி அது. காரீயம் கலந்த சோல்டரைத் தொட்ட கையோடு ரொட்டி சானாய் பிய்க்க வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள்.

8. மிச்சக் காசில்

கையிலிருக்கும் காசு முழுவதையும் அயனில் போட்டுவிடாதீர்கள். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, நடுவில் ரோசின் ஓடும் 63/37 சோல்டர் ஒரு சுருள். பழகுபவருக்குக் காரீயமில்லாதது எரிச்சலைத்தான் தரும். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) வேண்டவே வேண்டாம், போர்டை அரித்துவிடும். முனையைத் துடைக்கப் பித்தளைச் சுருள் ஒரு டப்பா. ஈரமான ஸ்பாஞ்சும் பரவாயில்லை. ஆனால் சொட்டச் சொட்ட நனைத்தால் முனை ஒவ்வொரு முறையும் குளிர்ந்து போகும், பிழிந்துவிட்டு வையுங்கள். ஈயத்தை உறிஞ்ச செம்புப் பின்னல் ஒரு சுருள். வேலை முடிந்து அணைக்கும்போது முனையைத் துடைக்காதீர்கள். புதிதாகக் கொஞ்சம் ஈயம் பூசி, அதோடே குளிர விடுங்கள்.

அக்கா மகனுக்கு அன்றிரவு என் டி12 அயனில் 2.4 உளியை மாட்டிக் கொடுத்தேன். பெயர்ந்த பேடுக்கு அடுத்த வெட்டுக் குறியில் பட்டையை வெட்டி, தடித்த வயருக்கும் பேடுக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, இரண்டையும் சேர்த்து வைத்துத் தொட்டான். இரண்டு நொடி. "அவ்வளவுதானா?" என்றான். அவனுடைய பழைய 30 வாட் அயனைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். நைலான் கயிற்று நுனி பிரியாமல் உருக்கவும், பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போடவும் அதைவிட நல்ல கருவி கிடையாது. கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிவைத்திருக்கிறான், யாரும் மறந்துபோய் போர்டில் வைத்துவிடக் கூடாது என்று.